எல்லார் வீட்டு டம்ளர்

எஸ்தர் அக்கா மறைந்த செய்தி ஒரு சாவியைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தது. சனிக்கிழமை காலை. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோயில் மணி அடிக்கும் தங்கையா அண்ணாச்சி போனில் கூப்பிட்டார்.

“டீச்சர், டம்ளர் பெட்டிச் சாவி எங்கன இருக்கும்னு தெரியுமா?”

“அக்காட்ட கேளுங்க அண்ணாச்சி.”

“அக்கா விடியக்காலம் போயிட்டாவ, டீச்சர். வாறவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்லா.”

நம் சபையில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. பாளையங்கோட்டையில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில்தான் அவரும் எழுத்தராக இருந்தார். சேரன்மகாதேவியிலிருந்து ஒரே பேருந்தில் போய் வருவோம். ஆண்டுதோறும் கோயிலில் சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனத்துக்கு அரிசி அளப்பது அவர் பொறுப்பு. அவர் அளந்த ஆண்டுகளில், ஒரே ஒரு முறை தவிர, சோறு மிஞ்சியதில்லை. பற்றாமல் போனதும் இல்லை. முந்தைய ஞாயிறு ஆராதனை நடக்கும்போது வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவார். “உள்ள எட்டிப் பாத்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. செருப்பு திரும்பிப் பாக்காது” என்பார்.

ஒரு மனிதர் உண்பதற்கும் உடுத்துவதற்கும் எறிவதற்கும் எவ்வளவு நிலமும் நீரும் செலவாகிறது என்பதைச் சூழலியல் தடம் என்கிறோம். வகுப்பில் அதை நடத்திய ஆண்டில், நம் அசனத்துக்கும் அப்படிப் பார்க்கலாமே என்று பேருந்தில் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். அரிசி, விறகு, இலை, தண்ணீர், பிளாஸ்டிக் கப். அக்கா எட்டிப் பார்த்தார்.

“தடம்னா காலடியா டீச்சர்? எனக்கு ஆறாம் நம்பர் செருப்புதான். எம்பேர்ல கொஞ்சமா எழுதுங்க.”

எழுதிப் பார்த்தால், எச்சில் இலை மாட்டுக்குப் போனது. சாம்பல் வாழைக்குப் போனது. கப் மட்டும் எங்கும் போகவில்லை. அது எங்கே கிடக்கிறது என்று சொன்னவர், வயல் வேலைக்குப் போகும் பாக்கியம். “போன வருசம் நீங்க குடிச்சுப் போட்ட கப்பு வாய்க்கால் வழியா வந்து மடையை அடைக்கு. களை எடுக்கையில நாந்தான் பொறுக்குதேன்.”

அதனால், அந்த ஆண்டு அசனத்துக்கு அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தோம். அறிவித்தவர் அக்கா. பாக்கியம் பிள்ளைகளோடு வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

“எங்கப்பா டீக்கடையில தனி டம்ளர்ல குடிச்சாரு. கோயில்லயும் எனக்குத் தனி டம்ளராக்கா?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அன்று முதன்முறையாகச் சோறு மிஞ்சியது.

மறுநாள் மாலை பேருந்தை விட்டு இறங்கியதும் பாக்கியம் வீட்டுக்குப் போனோம். “நான் யோசிக்கலை பாக்கியம். புத்தியில்லாமச் சொல்லிட்டேன்” என்றார் அக்கா. பாக்கியம் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். “இந்தா, ஒரே டம்ளர்தான். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடிங்க” என்றபோது அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

திரும்பி வரும் வழியில் அக்கா என் நோட்டைக் கேட்டு வாங்கினார். “ஒரு கட்டத்தை விட்டுட்டிய டீச்சர்” என்று கடைசியில் ஒரு கோடு இழுத்து, ‘வராதவங்க’ என்று தலைப்பிட்டு, ‘பாக்கியம் வீடு, அஞ்சு பேர்’ என்று எழுதினார்.

அடுத்த ஆண்டு வீட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டம்ளர், பெயர் வெட்டியது, எல்லாம் ஒரே பெட்டியில் சேர்ந்தது. கையில் எது வருகிறதோ அதில் குடிக்க வேண்டும். அலச மூன்று தொட்டி. கடைசித் தொட்டித் தண்ணீர் கோயில் வாழைக்கு. பாக்கியம் தன் கைக்கு வந்த டம்ளரில் இருந்த பெயரை உரக்க வாசித்தார். “ஹெட்மாஸ்டர் ஐயா, ஒங்க வீட்டு டம்ளர்ல குடிக்கேன், பாத்துக்கிடுங்க!”

“பைய குடிம்மா. ஒன் டம்ளர் எங்கையிலதான் இருக்கு” என்றார் அவர். பந்தி முழுக்கச் சிரித்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நோட்டில் ‘பாக்கியம் வீடு’ என்ற வரியை அடித்தார்.

அவரவர் டம்ளர் என்பது அக்காவின் யோசனை என்றுதான் நீங்கள் எல்லாரும் இன்றுவரை நினைக்கிறீர்கள். இல்லை, அது என்னுடையது. எவ்வளவு பிளாஸ்டிக் குறையும் என்று மட்டும் பார்த்து நான்தான் சொன்னேன். பாக்கியம் வீட்டில் அக்கா மன்னிப்புக் கேட்டபோது, பக்கத்தில் நின்று தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். பிறகும் பல முறை சொல்ல வாயெடுத்தேன். “விடுங்க டீச்சர், யாரு சொன்னா என்ன, இப்ப சரியாயிட்டுல்லா” என்று ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றிவிடுவார். இனி மாற்ற அவர் இல்லை. அடக்கத்தன்று பாக்கியத்திடம் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “அன்னைக்கே தெரியும். அக்கா பேசுதாவ, நீங்க தரையைப் பாக்கிய” என்றார்.

சாவி இருந்த இடமும் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அக்கா வீட்டில் அரிசி அளக்கும் படிக்குள் கிடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பாக்கியமே தண்ணீர் கொடுத்தார்.

‘எஸ்தர்’ என்று பெயர் வெட்டிய டம்ளரை அக்காவின் மகள் என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். பிறகு பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். என் அலமாரியில் இருந்தால் ஒருவருக்கு ஒரு டம்ளர் குறையும்.

நான் வைத்துக்கொண்டது நோட்டை. அவர் கையால் இழுத்த கோடு அதில் இருக்கிறது. இந்த ஆண்டு ‘வராதவங்க’ கட்டத்தில் முதல் பெயராக அவர் பெயரை எழுதியிருக்கிறேன். அதை அடிக்க முடியாது. அசனத்தன்று அவர் டம்ளர் உங்களில் யார் கைக்கு வந்தாலும், குடித்துவிட்டு, அலசி, பெட்டியில் போடுங்கள்.