மார்க்கைக் குறைக்கச் சொன்ன அம்மா

1. வித்தியாசமான புகார்

ஆசிரியையாகவும், பிறகு ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மார்க் போதாது என்று சண்டைக்கு வந்த பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மார்க்கைக் குறைக்கச் சொல்லி வந்தவர் ஒருவர்தான். அவர் பெயர் ரேணுகா. மாநில எல்லையோரத்து மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்தார். உதிரி பாகக் கம்பெனியில் பேக்கிங் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு நேராக வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருந்த என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், எம் பொண்ணு யசோதாவுக்கு மார்க்கு கொறைச்சிடுங்க."

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதையேதான் சொன்னார்.

விஷயம் இதுதான். யசோதா படித்த பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு ஆண்டுத் தொடக்க வாசிப்புத் தேர்வு நடத்தியிருந்தோம். குழந்தை ஒரு சின்னக் கதையைப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து டேப்லெட்டில் பதிவோம். குறைவாகப் படித்தவர்கள் பெயர் தானாகவே ஒரு லிஸ்டில் போய் விழும். லிஸ்டில் இருப்பவர்களுக்கு மாலையில் தனி வாசிப்பு வகுப்பு உண்டு, சுண்டலும் உண்டு. யசோதாவோ எழுபத்தெட்டுச் சொல் படித்து வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள். லிஸ்டில் பெயர் இல்லை என்று மாலை வகுப்பிலிருந்து அவளை அனுப்பிவிட்டார்கள்.

"ஊட்ல தெலுங்குதான் பேசறோம். எனக்கும் தமிழ் படிக்க வராது, சொல்லித் தர ஆளில்ல. அந்தக் கிளாஸ நம்பித்தான் இருந்தேன். பஸ் போர்டைக் காட்டினா ஒவ்வொரு எழுத்தாத்தான் மேடம் சொல்றா, சேத்துப் படிக்க வரல. நீங்க ஃபர்ஸ்டுன்னு போட்டிருக்கீங்க."

சிரித்து மழுப்பி அனுப்பப் பார்த்தேன். காரணம் உண்டு. அந்தத் தேர்வு முடிவை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நான் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன்.

2. என் கண்டுபிடிப்பு

அந்தப் பள்ளியில் பெண் குழந்தைகள் பையன்களை ஊதித் தள்ளியிருந்தார்கள். கிராஃபைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். யாரும் கேட்காமலேயே ஒரு தத்துவமும் உண்டாக்கினேன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மாறி மாறிப் பேசுவதால் நம் பக்கத்துப் பெண் குழந்தைகளுக்கு வாசிப்பு இயல்பாக வருகிறது என்று கூட்டத்தில் இருபது நிமிடம் பேசினேன். பையன்களும் அதே மூன்று மொழியைத்தான் பேசுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அலுவலர் சார் பூரித்துப்போய், பக்கத்து வட்டார ஆசிரியர்கள் திங்கட்கிழமை வந்து இந்தப் பள்ளியைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார்.

ரேணுகா நகரவில்லை. சரி, அவர் மனத் திருப்திக்காக ஒருமுறை என்று மறுநாள் பள்ளிக்குப் போய் யசோதாவைக் கூப்பிட்டேன். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். பழைய தாளில் இருந்தது தவளை குடை வாங்கிய கதை. அவசரத்தில் நான் எடுத்துக் கொடுத்ததோ அரையாண்டுக்கு வைத்திருந்த வேறு தாள், சந்தைக்குப் போன கதை. கொடுத்த பிறகுதான் கவனித்தேன். மாற்றுவதற்குள் அவள் முதல் வரியில் விரலை வைத்துவிட்டாள்.

"தவளை கடைக்குப் போனது. பச்சைக் குடை வாங்கியது. ம், மேலே படி. மழை வந்தது. தவளை குடையை விரித்தது. ம், மேலே படி."

விரல் சந்தைக் கதையின் மேல் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தது. வாய் தவளைக் கதையை மணிமணியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுநடுவே வந்த "ம், மேலே படி" என்னுடையது. திணறும் குழந்தைகளைத் தேர்வில் நான் அப்படித்தான் தூண்டுவேன். அதுவும் கதையில் ஒரு வரி என்றே அவள் நினைத்திருக்கிறாள். தேர்வன்றும் இப்படியே சொல்லியிருப்பாள். நான் ஸ்டாப்வாட்ச்சையே பார்த்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சிரிப்புதான் முந்திக்கொண்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

3. பதிவேட்டு வரிசை

பிறகு விசாரித்ததில் எல்லாம் புரிந்தது. தேர்வன்று மற்றக் குழந்தைகள் சன்னலுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். நம் பதிவேட்டில் முதலில் பையன்கள், பிறகுதான் பெண்கள். அதிலும் அகர வரிசை. பதினைந்து பையன்கள் உள்ளே படிக்கப் படிக்க, பெண் குழந்தைகள் வெளியே சும்மா உட்கார்ந்து தவளைக் கதையைப் பதினைந்து முறை கேட்டிருக்கிறார்கள். கடைசிப் பெயர் யசோதா. இருபத்தேழு முறை கேட்டவள் ஏன் முதலாவதாக வரமாட்டாள்? நான் அளந்தது வாசிப்பை அல்ல, வராந்தாவில் காத்திருந்த நேரத்தை.

அலுவலர் சாரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு மாலை வகுப்பு இல்லை. லிஸ்டில் கையால் பெயர் சேர்க்க அவர் கையெழுத்து வேண்டும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பேனர் அடிச்சாச்சு மேடம்."

பிறகு அவரே, திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு இந்தக் கதையையே சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இருபது நிமிடத் தத்துவத்தையும் விடாமல் சொன்னேன். மூன்று பேர் முகம் மாறியது. அவர்களும் பதிவேட்டு வரிசையில்தான் நடத்தியிருந்தார்கள். மற்றப் பெண் குழந்தைகளுக்கும் சந்தைக் கதையைக் கொடுத்துப் பார்த்ததில், யசோதாவோடு சேர்த்து ஒன்பது பேர் மாலை வகுப்புக்குப் போனார்கள். சுண்டல்தான் கொஞ்ச நாளைக்குப் பற்றவில்லை.

4. ஆண்டிறுதி

ஆண்டிறுதியில் குழந்தைகளை மைதானத்தின் அந்தக் கோடியில் விட்டு, சீட்டுக் குலுக்கிக் கூப்பிட்டேன். கதை புதிது. யசோதாவின் முறை நாலாவதாக வந்தது. முதல் வரியிலேயே ஒரு சொல்லில் முட்டி நின்றாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள், திரும்பப் போனாள், சேர்த்துச் சொன்னாள். மேலே படி என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவளே மேலே படித்தாள். கதையில் யானை சேற்றில் வழுக்கிய இடத்தில் களுக்கென்று சிரித்துவிட்டாள். படித்தது புரியாமல் அந்த இடத்தில் சிரிப்பு வராது. அங்கே இரண்டு விநாடி வீணானது. நிமிடத்துக்கு முப்பத்தொரு சொல். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ரேணுகா வாசலில் காத்திருந்தார். எவ்வளவு என்று கேட்டார். போன தடவையை விடப் பாதிக்கும் கீழே என்றேன்.

"இது அவளே படிச்சதுங்களா?"

ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருடமும் அந்த வகுப்பு உண்டா என்று மட்டும் கேட்டார்.

ஒருமுறை ஏற்றிய மார்க்கை அந்த டேப்லெட்டில் திருத்த வழியில்லை. எழுபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றுக்குச் சிவப்புக் கோடு சரிந்தது. மாவட்ட அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் விளக்கம் கேட்டு எழுதினார். இதைப் படிக்கும் இளம் பயிற்றுநர்களே, உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு கடிதம் வரும். நான் எழுதிய பதில் இரண்டே வரி: முதல் எண் என் கவனக்குறைவு. இரண்டாவது எண்தான் குழந்தை படித்தது.