மூக்குச் சொட்டும் சபுரா அக்காவின் கைருசியும்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்று ஊர் நினைக்கிறது. உண்மையான வேலை, அதை எங்கே போடணும், எப்போது நிறுத்தக்கூடாது என்று நாள் முழுக்கக் கெஞ்சுவது.

கொச்சி மட்டாஞ்சேரியில் பதினெட்டு வருஷமாக நான் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கடைக்கு இடப்பக்கம் சுக்குக் கிடங்கு, எதிரே மிளகு, கொஞ்சம் தள்ளி வற்றல் மிளகாய். ஊர் பார்க்க வருகிறவர்கள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, ஆகா என்ன வாசம் என்கிறார்கள். இங்கேயே கிடக்கிற நாங்கள் தும்முகிறோம். மழை பிடித்தால் சுவரெல்லாம் பூஞ்சை பூத்துவிடும், அப்போது இழுப்பும் சேர்ந்துகொள்ளும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறவர்களே, இந்தப் பக்கம் தொண்டைத் தண்ணீர் வற்ற நிற்கிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

மூன்று நாளுக்கு ஒரு குப்பி

காசிம் அண்ணன் பக்கத்துக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறவர். ஒரு துண்டை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனால் போதும். எந்த மலைச் சுக்கு, எத்தனை நாள் காய்ந்தது, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கா, எல்லாம் சொல்லிவிடுவார். முதலாளியே அவர் மூக்கைக் கேட்டுத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்ட மனுஷன் மூன்று நாளைக்கு ஒரு தடவை வந்து மூக்கடைப்புச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தச் சொட்டு ஒரு மாயக்காரி. மூக்குக்குள் வீங்கிக் கிடக்கிற ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கிவிடும், உடனே காற்று வரும். நாலைந்து நாளோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. அதற்கு மேல் போனால், மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அதற்கு இன்னொரு சொட்டு, அப்புறம் இன்னொன்று. கடைசியில் அடைப்புக்காக மருந்தா, மருந்தால் அடைப்பா என்றே தெரியாது.

"இனிமே தரமாட்டேன் அண்ணே, டாக்டரைப் பாருங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கடை முதலாளிக்கும் தெரியும். அண்ணன் கெஞ்சினார். அடைப்பு திறந்தால் போதும், வாசம் வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். "என்னது, வாசம் வரலையா?" என்று நான் கத்தியதும் அவர் பதறிப்போய் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லப் பேசு நஸீமா! ஒரு வருஷமாச்சு. நிறத்தையும் ஒடியுற சத்தத்தையும் வச்சு ஒப்பேத்திட்டிருக்கேன். கிடங்குல தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வீட்டுல சபுராகிட்டகூட சொல்லலை, அவகிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள படகுத்துறை வரைக்கும் போயிடும்!"

மாஷுக்குக் கிடைத்த இனாம்

ராமநாதன் மாஷ் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதின மருந்துக் குப்பியையும், அந்தக் குப்பியில் இருக்கிற தூளை உறிஞ்சுவதற்கான சின்னக் கருவியையும் நான்தான் கொடுத்தேன். குப்பியில் இருந்தது பொடி அடைத்த கேப்சூல். கருவியில் போட்டுத் திருகினால் கேப்சூல் திறக்கும், வாயில் வைத்து ஆழமாக இழுத்தால் பொடி நேரே நுரையீரலுக்குப் போகும். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். நான் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு மாசம் கழித்து அதே இழுப்போடு வந்தார். தினமும் காலையும் இரவும் தவறாமல் எடுத்தாராம். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். கஞ்சி குடித்துவிட்டு வெந்நீரில் விழுங்கினேன் என்றார். வயிற்றுக்குப் போன பொடி மூச்சுக்குழாய் வீக்கத்தை எப்படி அடக்கும்? தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. அன்றிலிருந்து யாரானாலும் என் கண்முன்னே ஒரு தடவை இழுத்துக் காட்டாமல் படி இறங்க விடுவதில்லை. மாஷிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் கருவி எங்கே என்று கேட்டேன்.

"அய்யோ குழந்தே, மருந்தோட கொடுத்த இனாம்னு நெனச்சு பேத்திக்கு விளையாடக் கொடுத்துட்டேனே! அவ அதுல பொம்மைக்கு சாயா ஊத்திண்டிருக்கா!"

எழுப்பாத பயணி

ஆட்டோ ஓட்டுகிற ஜோசி சேட்டனுக்குத் தும்மல் மாத்திரை கொடுத்தபோது, இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று மலையாளத்தில் பெரிசாக எழுதிக் கொடுத்தேன். தூசியைக் கண்டதும் உடம்பு எதிரி வந்துவிட்டான் என்று ஹிஸ்டமின் என்கிற ரசாயனத்தைக் கொட்டுகிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் மாத்திரை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், தும்மல் நிற்கும். ஆனால் பழைய வகை மாத்திரைகள் மூளைக்குள்ளும் நுழையும். அங்கே நம்மை விழித்திருக்க வைப்பதும் அதே ஹிஸ்டமின்தான்.

சேட்டன் நான் எழுதினதைப் படிக்கவும் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு வைட்டிலா ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினார். நல்லவேளை, ஓட்டுவதற்கு முன்பே தூங்கிவிட்டார். கண் விழித்தபோது வெளியே மழை, பின் சீட்டில் ஒரு அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். எவ்வளவு நேரமாச்சு என்று சேட்டன் பதற, அந்த அம்மா "பாவம், ஒறங்கிக்கோட்டேன்னு வெச்சு" என்றாராம். பாவம், தூங்கட்டும் என்று விட்டுவிட்டாராம்! இப்போது தூக்கம் வராத வகை மாத்திரைதான் கொடுக்கிறேன். சேட்டனுக்குத்தான் அதில் அவ்வளவு திருப்தி இல்லை.

"பழையதே போதும் சேச்சி. கல்யாணம் கழிஞ்சு இருபது வருஷத்துல என்னை எழுப்பாம விட்ட ஒரே ஆளு அந்த அம்மாதான்!"

ஞாபக டானிக்

ஒரு மத்தியானம் சபுரா அக்கா வந்தாள். காசிம் அண்ணனின் வீட்டுக்காரி. அவளுடைய நெய்ச்சோறு எங்கள் தெருவில் பேர் போனது. கல்யாண வீட்டில் சமைக்கிற பண்டாரியே அவளிடம் பக்குவம் கேட்டுவிட்டுப் போவார். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவள் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, ஞாபகத்துக்கு ஒரு டானிக் கொடு என்றாள்.

எதை மறந்தாய் என்று கேட்டதும் கொட்டிவிட்டாள். ஒரு வருஷமாக வீட்டுக்காரர் சாப்பாட்டில் குறை சொல்கிறாராம். உப்பு இருக்கு, புளி இருக்கு, ஆனால் கறியில் ஒன்றுமே இல்லை என்று தட்டைத் தள்ளுகிறாராம். வயசாகி எதையோ போட மறக்கிறோம் என்று இவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஆலுவாவில் இருக்கிற மகளுக்கு மீன்கறி கொடுத்துவிடுவதை நிறுத்திவிட்டாள். பெருநாளுக்கு நெய்ச்சோறு ஆக்கவில்லை, ஹோட்டலில் வாங்கினார்களாம்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. உப்பும் புளியும் நாக்குக்குத் தெரியும். நெய்யும் பட்டையும் கறிவேப்பிலையும் மூக்குக்குத்தான் தெரியும். மூக்கு செத்தவனுக்கு எந்தக் கறியிலும் உப்பும் புளியும்தான் மிஞ்சும். ஆனால் ஒருவர் நோயை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது, பொண்டாட்டியானாலும் சரி. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு ஒரு கோளாறும் இல்லை அக்கா, டானிக் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. தன் வலது கையைக் கவுண்டர்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"என் கை செத்துப்போச்சு நஸீமா."

ஒரு கேள்வி

மறுநாள் காசிம் அண்ணன் வந்து, வேறு கடையிலும் தரமாட்டேன் என்கிறார்கள், ஒரே ஒரு குப்பி கொடு என்றார். அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். சபுரா அக்கா வந்ததைச் சொல்லவில்லை. "அண்ணே, வாசம் வராதவங்களுக்கு ருசியும் வராது. வீட்டுல அக்கா சமைக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு? குறை சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளுத்துப்போயிற்று. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. சொட்டு வாங்காமலே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் சீட்டோடு வந்தார். வருஷக்கணக்காகச் சுக்குத் தூசி ஏறி, ஒவ்வாமையில் உள்ளே ஒரே வீக்கம், போதாக்குறைக்குச் சொட்டு வேறு. டாக்டர் மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதியிருந்தார். கிடங்கில் முகக்கவசமும் போடச் சொல்லியிருந்தார். ஸ்டீராய்டா என்று அண்ணன் பயந்தார். உடம்பு முழுக்க ஏறுகிற அளவு இல்லை, மூக்குத் தோலுக்குள் போய், வீங்கவைக்கிற சமாசாரங்களைச் செய்யாதே என்று சொல்லும், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பேச்சைத் தோல் கேட்பதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை நிறுத்தக்கூடாது, மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து அடிக்காமல் கண் பக்கமாகச் சாய்த்து அடிக்கணும் என்று காட்டிக்கொடுத்தேன். அப்புறம், அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னேன். 'ஒரு வருஷமா என் கையை நானே திட்டிக்கிட்டிருந்தேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?'ன்னு கேட்டா."

அடிப்பிடித்த பால்

சொட்டை நிறுத்தின முதல் வாரம் அண்ணனுக்கு நரகம். வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்று என்னை முறைப்பார். நானும் முறைப்பேன். இரண்டாவது வாரம் அடைப்பு விட்டது, வாசம் மட்டும் வரவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் அடைத்துக் கிடந்த மூக்கு, வராமலே போனாலும் போகலாம் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார்.

வீட்டிலோ வேறு கூத்து. அண்ணன் இப்போது எதற்கும் குறை சொல்வதில்லை. எதை வைத்தாலும் நல்லா இருக்கு என்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார். சபுரா அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. "மூக்கு கதையெல்லாம் சும்மா, என் மனசு நோகக்கூடாதுன்னு இட்டுக்கட்டிச் சொல்றாரு. என் கைதான் போச்சு" என்று என்னிடமே வந்து சொன்னாள். ஸ்ப்ரேயை எடுத்துக் கொடுத்தவளே சொல்கிறேன் அக்கா, கதை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நீயும் அவருக்குக் கூட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது வாரக் கடைசியில், கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, சபுரா அக்கா படியேறி வந்தாள். கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அய்யோ என்னமோ ஆகிவிட்டது என்று கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"அவர் சொல்றது நெசமான்னு பார்க்க, எட்டு நாளா வேணும்னே பாலை அடிப்பிடிக்க விட்டு சாயா போட்டுக் கொடுத்தேன்டி. தெருவே நாறுது, மனுஷன் முகம் சுளிக்காமக் குடிச்சுட்டு நல்லா இருக்குன்னாரு. அப்பத்தான் மூக்கு கதை நெசம்னு நம்பினேன். இன்னைக்குக் கிளாசை வாய்கிட்ட கொண்டுபோனவரு அப்படியே நிறுத்தி, 'என்னடி இது, பாலை அடிப்பிடிக்க விட்டியா, அடுப்படியில உனக்கு என்னதான் வேலை?'ன்னு ஒரு கத்து கத்துனாரு பாரு! நாப்பது வருஷத்துல இவ்வளவு சந்தோஷமா நான் திட்டு வாங்கினதே இல்லை. வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு ஆக்குறேன், நீ வந்தே ஆகணும்!"

தும்மல் மாத்திரைக்கு ஒரு மணி நேரம், மூக்கு ஸ்ப்ரேக்கு மூன்று வாரம் என்று எல்லாவற்றுக்கும் என்னால் கணக்குச் சொல்ல முடிகிறது. "போனது என் மூக்குதான், உன் கை இல்லை" என்று ஒரு ஆம்பளை வீட்டில் சொல்ல எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் எந்த மருந்துப் பெட்டியிலும் அச்சடித்திருக்கக் காணோம்.