விமானம் ஏறாத என் புருஷனுக்காகப் பெய்த மழை

சபையாரே, "உன் புருஷனை அந்த விமானத்திலிருந்து கர்த்தர் காப்பாத்தினாரே, அதைச் சாட்சியா சொல்லும்மா" என்று பலர் கேட்டீர்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. செத்துப்போனவர்கள் வீட்டில் மட்டும் ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பார்கள்? நான் சொல்ல வந்தது வேறு.

2005 கோடை. மரக்காணத்தில் எங்கள் குத்தகை உப்பளத்தில் உப்பை வாரிக் குவித்திருந்தோம். என் புருஷன் தேவராஜ் துபாய் வேலைக்குக் கிளம்பி, சென்னை விமான நிலையத்தில் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார். நான் அழுதுவிட்டேன்.

"ஏங்க, தெக்கால வானம் கருத்துக்கிட்டு வருது. மூட ஒரு ஆளு கிடைக்கல. அத்தனை உப்பும் கரைஞ்சிடுங்க."

மனுஷன் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து பஸ் ஏறிவிட்டார். பெட்டி மட்டும் போனது. அந்த விமானம் கடலுக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. ஒருத்தரும் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெட்டி ஏறியிருக்கிறது, ஆள் ஏறவில்லை, அதனால் குண்டு வைத்தது அவர்தானாம்! ஆள் வராத பெட்டியை இறக்காமல் விட்டவர்களை யார் கேட்டார்கள்? இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. "உப்பை மூடவாம்மா ஒருத்தன் துபாய் வேலையை விட்டுட்டு வருவான்?" என்று விசாரணை அதிகாரி சிரித்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் போய், மழையென்றால் உப்பை மூட எதையும் விட்டுவிட்டு ஓடி வருவோம் என்று சொன்னார்கள். ஒரே ஊர்க்காரர்கள், சேர்ந்து பொய் சொல்கிறீர்கள் என்று விரட்டிவிட்டார்கள்.

நான் உபவாசம் இருந்து ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். "நீர் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீர்? அந்த அதிகாரி கண்ணைத் திறந்துவிடும்!" என்று கத்தினேன்.

சில வாரம் கழித்து அதே அதிகாரி விசாரிக்க உப்பளத்துக்கு வந்தார். நான் அவர் காலில் விழுந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். திடீரென்று வானம் இருட்டியது. "டேய், மழைடா! கீத்தைத் தூக்கு!" என்று யாரோ கத்தினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சோற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். என் புருஷன் உயிர் யார் கையில் இருந்ததோ அந்த மனுஷனை அப்படியே விட்டுவிட்டு, உப்புக் குவியல்மேல் ஓலைக் கீற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாதியில்தான் நினைவு வந்தது. ஐயோ, காரியத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று பதறித் திரும்பினேன். அவர் நனைந்துகொண்டு அங்கேயே நின்றார்.

"ஏம்மா, அன்னிக்கு அவரும் இப்படித்தான் வந்தாரா?"

"ஆமாங்க சார்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அவரே அலைந்து, அன்று என் புருஷன் வந்த பஸ்ஸின் கண்டக்டரைக் கண்டுபிடித்து, வந்தது உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டார். கடலில் எடுத்த துண்டுகளை ஆராய்ந்ததில், குண்டு இருந்தது வேறொரு பெட்டியில் என்று தெரிந்தது. 2006 பிறந்தபோது என் புருஷன் வீட்டில் இருந்தார்.

கோடையில் மழை வேண்டாம் என்று ஜெபிக்கிறவர்கள் நாங்கள். அன்று பாதி உப்பு கரைந்துபோனது. அந்த மழையில்தான் ஆண்டவர் எனக்குப் பதில் வைத்திருந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களுக்கும் அநியாயம் நடந்தால் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்காதீர்கள். கோபத்தோடே ஆண்டவரிடம் போங்கள், அவர் தாங்குவார். முன்பெல்லாம் என் வீட்டுக்காக மட்டும் ஜெபிப்பேன். இப்போது அந்த விமானத்தில் செத்துப்போனவர்களின் முகம் தெரியாத குடும்பங்களுக்காக நானும் என் புருஷனும் தினமும் ஜெபிக்கிறோம். குண்டு வைத்தவன் இன்னும் பிடிபடவில்லை. என் புருஷன் வந்துவிட்டார் என்று நான் ஆண்டவரோடு போடும் சண்டையை நிறுத்தவில்லை. வாங்க, என்கூட முழங்கால் போடுங்க.