உட்காராத டயர்

அம்மோனியா நெடி. தோல் கிடங்குப் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும், என் தோள் தானாகக் காதுவரை ஏறிவிடுகிறது. நெடிக்குப் பின்னால் வெடி வரும் என்று உடம்பு காத்திருக்கிறது.

டயருக்குள் ஊற்றும் வெள்ளைத் திரவத்துக்கும் அதே நெடிதான். டயர் பால் என்போம். முள் குத்திய இடத்துக்கு ஓடிப்போய் உறைந்து ஓட்டையை அடைக்கும். சாணார்பட்டிக்கு அப்பால், மலையடிவார மண்தடங்களில், சீமைக்கருவேல முள் மலைச் சைக்கிளின் தடித்த டயரையும் துளைத்து டியூபைக் கிழித்துவிடும். லீவில் வந்து அங்கே சைக்கிள் ஓட்டும் என் தம்பிக்குப் பாதி லீவு பஞ்சர் ஒட்டுவதிலேயே போகும். டியூபே வேண்டாம், டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடலாம் என்று அந்த முறை அவன்தான் முடிவு கட்டினான்.

தம்பிக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் வந்த பொன்னுக்குவீங்கி அதைத் தின்றுவிட்டது. இடது காது ஒன்றை வைத்துக்கொண்டுதான் சென்னையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தான். கடைசி பெஞ்சின் முணுமுணுப்பைக்கூட அந்தக் காது விடாது.

டயரை ரிம்மில் ஏற்றுவதே ஒரு அடிதடியாக இருந்தது. முற்றத்தில் சக்கரத்தை மல்லாத்தி, ஆளுக்கொரு பக்கம் முட்டியால் அழுத்தினோம். டயர் பாம்பு மாதிரி திமிறி நழுவியது. என் கட்டைவிரல் நகம் பிய்ந்தது. அவன் கெட்ட வார்த்தை சொல்லிச் சொல்லி நெம்பினான். ஒருவழியாக ஏறியதும் டயர் பாலை ஊற்றிக் கைப்பம்பால் அடித்தோம். அடித்த காற்றெல்லாம் விளிம்பு வழியாகவே போய்விட்டது. ஒரே மூச்சில் காற்றை உள்ளே செலுத்தினால்தான் டயரின் விளிம்பு துள்ளி ரிம்மின் ஓரத்தில் உட்காரும். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். வத்தலக்குண்டு ரோட்டில் லாரி டயர் கடைக்குப் போனோம்.

கடைக்காரருக்கு எங்கள் வயதுதான். சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். "இம்புட்டுக்காண்டு டயருக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கெளம்பி வந்தீகளாக்கும்?"

காற்று உள்ளே பாய்ந்தது. ஒரு பக்கம் டப்பென்று உட்கார்ந்தது. மறுபக்கத்தில் ஒரு சாண் அளவு மட்டும் உள்ளே பதுங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம் என்றேன். கடைக்காரர் லாரி டயருக்குச் செய்வதையே செய்தார்: குழாயை எடுக்காமல் காற்றை ஏற்றிக்கொண்டே ரப்பர் சுத்தியலால் டயரின் விலாவைச் சுற்றிச் சுற்றி அடித்தார். லாரி டயர் என்றால் ஆளை எட்டி நிற்கச் சொல்லியிருப்பார். இது சைக்கிள் டயர்தானே.

எங்கோ காற்று சீறியது. எங்கே என்று கண்டுபிடிக்க, தம்பி மண்டிபோட்டு, இடது காதை ரிம்மோடு ஒட்டவைத்தான். தோளைத் தொட்டு இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டான்.

"சும்மா இருண்ணே. கேக்க விடு."

சுத்தியல் இறங்கியது. டயர் வெடித்து, தோலுரித்துக்கொண்டு ரிம்மைவிட்டுப் பறந்தது. கூரைத் தகரம், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த டிரைவர், டீ கிளாஸ், தம்பியின் முகம், எல்லாவற்றிலும் வெள்ளை அடித்தது. என் காதுக்குள் ஒரு ரம்பம் ஓடியது. தம்பி வாயைத் திறந்து திறந்து மூடினான். காதில் கை வைத்துப் பார்த்தான். பாலோடு ஒரு இழை ரத்தம்.

பிறகு எழுந்தான். டயரை எடுத்துத் தரையில் அடித்தான், அடித்தான். அதைப் போட்டுவிட்டுக் கடைக்காரரின் கழுத்தைப் பிடித்தான். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினேன். அவன் முழங்கை என் உதட்டைப் பல்லில் அழுத்திக் கிழித்தது. கடைக்காரர் கையை ஓங்கவில்லை.

"அடிச்சுக்கப்பு. நல்லா அடிச்சுக்க."

அது கேட்காதவன் அடித்துக்கொண்டேயிருந்தான்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, தானாகவே கூடலாம், பழையபடி கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தம்பி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் சோறு போதும் என்பதையும் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னான். லீவு முடியும்வரை யார் பேசினாலும் எழுந்து போய்விடுவான். பள்ளிக்கூடத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திண்டுக்கல் ஜங்ஷனில் சென்னை ரயில் வந்து நின்றது. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி அவன் முதுகுக்குப் பின்னால் வேகமாக வந்தது. தள்ளியவர் கூவிக்கொண்டே வந்தார். இவன் அசையவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. ஓங்கிய முஷ்டியோடு திரும்பினான். நான்தான் என்று தெரிந்த பிறகும் அது உடனே இறங்கவில்லை.

"இழுக்காதண்ணே. முன்னால வந்து நின்னு சொல்லு."

முன்னால் போய் நின்றேன். தையல் போட்ட உதட்டை மெதுவாகத் திறந்து, பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டேன். உதட்டைப் பார்த்தான். படியில் ஏறினான். பெட்டியிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்.

"வாரேன். நான் இல்லாம அந்த டயரத் தொட்டுறாத."