மூன்று கோடு போட்ட பூட்டுக்கடை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குச் செய்தி வந்தது. சொன்னவர் அத்தானின் தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவர் சின்னவர். "அண்ணா போயிட்டாரு. ஏணியிலேர்ந்து இறங்கி ஸ்டூல்ல உக்காந்தாராம். அவ்வளவுதான்" என்றார். நாலு வருஷமாக அண்ணனோடு பேசாத மனுஷன் வாயிலிருந்து 'அண்ணா' என்று வந்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், முப்பத்தோரு வருஷம் பூட்டு திறந்து பிழைத்தவர். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கிறவனைவிட அவசரக்காரன் உலகத்தில் கிடையாது என்பார். அந்த அவசரக்காரனுக்காகத்தான் இணையதளம் ஆரம்பித்தார். அதற்கு வைத்த பெயர் மட்டும் படு நிதானமானது: பூட்டு, சாவி, உடனே, சேவை. நாலு சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு. ஆக மூன்று கோடு.

பெயரைப் பதிவு செய்த அன்று நானும் கடையில் இருந்தேன். கடை ஆறடிக்கு எட்டடி. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள், ஒரு வெட்டும் மெஷின், அதன் கீழே பித்தளைத் தூள். தளம் செய்துகொடுக்க வந்தவர் லேப்டாப்பை மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு, "கோடு போட்டா படிக்க ஈஸி சார். போடாட்டி சொல்ல ஈஸி. ரெண்டுமே நல்லதுதான்" என்றார். நிபுணர் அல்லவா, எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாமல் பேசினார்.

"கோடு வேண்டாம்ணா. போன்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும்" என்றார் அப்போது கடையிலேயே வேலை பார்த்த சின்னவர்.

அத்தான் ஒரு சாவியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது என்னடா?"

"சாவி."

"பல்லுக்குப் பல் வெட்டு இருக்கறதாலதான் இது சாவி. இல்லேன்னா வெறும் தகடு. எந்தப் பூட்டும் திறக்காது. பேரும் அப்படித்தான்."

கோடு வேண்டும், வேண்டாம் என்று எத்தனையோ பேர் வாதாடியிருப்பார்கள். சாவிப் பல்லைச் சாட்சிக்கு இழுத்தவர் அத்தான் ஒருவராகத்தான் இருக்கும்.

"சரி, கோடு இல்லாததையும் சேர்த்து நாமளே வாங்கிடலாம். வேற எவனாவது வாங்கிட்டா?"

"வாங்கினா, நான் போட்டது தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா?"

அன்று சாயங்காலமே சின்னவர் கோடு இல்லாததைத் தன் பேரில் வாங்கிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அத்தான் குதித்தார். "ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டினேன். திருடன் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான்!" சின்னவர் மறுவாரமே கதவு செய்கிற கம்பெனி ஒன்றில் பூட்டு மாட்டும் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோட்டுக்கு வந்த யோகத்தைச் சொல்ல வேண்டும். கடைப் பலகையில் எழுத்தெல்லாம் கறுப்பு, கோடுகள் மட்டும் சிவப்பு, அதுவும் எழுத்தைவிடத் தடிமன். பத்து வருஷம் உரியாத பெயிண்ட்தான் வேண்டும் என்று தேடி வாங்கினார். போன் வந்தால் முதல் வேலை முகவரியை ஒப்பிப்பது.

"சார், மாமியார் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாங்க..."

"வந்துட்டே இருக்கேன். அதுக்குள்ள நம்ம வெப்சைட்டைக் குறிச்சுக்கோங்க. பூட்டு, சின்னக் கோடு, சாவி..."

"சார், மாமியார்!"

"கீழ்க்கோடு போட்டுடாதீங்க, நடுக்கோடு."

எப்படியோ, இணையத்தைப் பார்த்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். "பார்த்தியா, கோடு வேலை செய்யுது" என்பார் என்னிடம். சின்னவனைக் கூப்பிடுங்களேன் என்று அக்கா கெஞ்சினால், "முதல்ல அவன் கோட்டை ஒத்துக்கட்டும்" என்பார். மற்ற குடும்பங்களில் அண்ணன் தம்பி பிரிய நிலம், வீடு என்று கௌரவமான காரணங்கள் இருக்கும். இந்தக் கோட்டுச் சண்டையை எங்கள் சம்பந்தி வீட்டாருக்கு எங்களால் கடைசிவரை விளக்க முடியவில்லை.

போன மாதம் அக்கா குப்பை போட வெளியே வந்தபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாவி, போன் இரண்டும் உள்ளே. பூட்டுக்காரர் மனைவிக்குப் பூட்டுக்காரர் நம்பர் மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது? எதிர்வீட்டுப் பெண்ணின் போனை வாங்கி, நாலு சொல்லையும் அடித்து, கடைப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். அத்தான் எடுத்தார்.

"வந்துட்டே இருக்கேன். அதுக்குள்ள நம்ம வெப்சைட்டை..."

"ஏங்க, நான்தான். அதைப் பார்த்துத்தான் கூப்பிடறேன். வந்து கதவைத் திறங்க."

பூட்டுக்குள் கம்பியை விட்டபடியே பெருமையாகக் கேட்டார். "கோடெல்லாம் ஞாபகம் இருந்துச்சா?"

"காலுக்குச் செருப்புகூட இல்லாம நிக்கறேன், எனக்குக் கோடு ஒண்ணுதான் குறைச்சல். கோடே இல்லாம சேர்த்துத்தான் அடிச்சேன்."

அத்தான் கை நின்றுவிட்டது.

அன்றே என்னைக் கடைக்கு வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். கோடு இல்லாத முகவரி, நேராகக் கோடு போட்ட பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. வாங்கிய நாளிலிருந்தே சின்னவர் அதை அண்ணன் கடைக்குத் திருப்பி வைத்திருந்தார். வருஷா வருஷம் மறக்காமல் புதுப்பித்தும் வந்திருக்கிறார். தளம் செய்தவருக்குப் போன் போட்டோம். அவர் பார்த்துவிட்டு, "பத்துல ஒன்பது பேர் அந்த வழியாத்தான் சார் வர்றாங்க. ரெண்டுமே நல்லதுதான்" என்றார்.

அத்தான் வெகுநேரம் பித்தளைத் தூளை விரலால் கூட்டிக் கூட்டிக் குவித்தார்.

"திருடன்னு சொன்னேன்ப்பா அவனை."

"இப்பவே கூப்பிடுங்க அத்தான்."

"போன்ல என்னத்தைச் சொல்றது? மூச்சு வாங்கும்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "முதல்ல பலகையில இருக்கற கோட்டைச் சுரண்டிடறேன். அப்புறம் அவனை வரச் சொல்றேன். கடைக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி அது அவன் கண்ணுல படணும். அப்ப நான் வாயைத் திறக்கவே வேண்டாம் பாரு."

பெயிண்டரைக் கூப்பிடலாம் என்றேன். தான் போட்டதைத் தானேதான் எடுக்க வேண்டுமாம். முட்டிவலிக்காரர், ஏணியில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. பெயிண்டோ சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. முதல் கோட்டுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டாவது போன ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தது. "இன்னும் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடலாம்" என்றார் திங்களன்று.

சின்னவர் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் போன் போட்டு வரவழைத்தார். எல்லாம் ஆன பிறகு கடையைச் சாத்த நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஷட்டரை இறக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோடு எங்க போச்சு?"

சொன்னேன். அவர் ஷட்டரைப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

ஏணியை நாங்கள் எடுக்கவில்லை. சுரண்டுகிற பிளேடு அதன் மேல்படியில் இருக்கிறது. பலகையில் 'உடனே'வுக்கும் 'சேவை'க்கும் நடுவே மூன்றாவது கோட்டில் பாதி அப்படியே நிற்கிறது.