யன்னல் மூலைக் கம்பி

கொங்கிறீட் சுவரில் யன்னல் வந்தால், வெடிப்பு ஓடாமலிருக்க அதன் மூலைகளில் சாய்வுக் கம்பி கட்டாமல் விடமாட்டார் வெருகல் மேசன் மதிசுதன். துறைமுகத்தடியில் கட்டிய என் தங்கை நிருசாவின் வீட்டில் மட்டும் விட்டுவிட்டார். நிலை வைக்கும் சுபநேரம் முடியப்போகிறது என்ற அவசரம்.

"நேரம் தவறினா உம்மட கம்பியே காப்பாத்தும்?" என்று அவளுடைய மாமியார் கேலியும் செய்தாராம்.

நான் விடுமுறையில் போனபோது, யன்னல் மூலையிலிருந்து மேலே அந்தச் சுவரில் நிற்கும் தண்ணீர்த் தாங்கிவரை வெடிப்பு ஓடியிருந்தது. மதிசுதனை வரச்சொன்னோம்.

"மேல்பூச்சு வெடிப்புத்தானே, அண்ணை?" என்று அவரிடம் கேட்டாள் நிருசா.

அவர் வெளியே நின்று வெடிப்புக்குள் ஒரு நீள ஆணியை விட்டார். அது முழுதாக உள்ளே போனது.

"பிள்ளையின்ர கட்டில் எங்க?"

"யன்னலடியில. இப்பதான் நித்திரையாக்கினனான்."

அவர் உள்ளே ஓடிக் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"அக்கா, மற்றப் பக்கம் பிடியுங்கோ. பிள்ளையை எழுப்ப வேண்டாம்" என்றார் என்னிடம்.

மேலே தாங்கி நிரம்பிக்கொண்டிருந்தது.