ஆடாமல் நின்றவர்

எங்கள் அத்தானுக்கும் எனக்கும் ஒரே ஒரு பொருத்தம்தான் இருந்தது. சாவைக் கேலி செய்யும் படங்களைக் கண்டால் இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அவர் என் அக்காவின் புருஷன். பினாங்கு துறைமுகத்தில் சரக்கு இறக்குவதை மேற்பார்க்கும் கிராணி. நான் பக்கத்திலேயே ஒரு கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கப்பல்காரர்கள் படித்துவிட்டு வீசிப்போகும் இங்கிலீஷ் பத்திரிகைகளில் அந்தப் படங்கள் வரும். நான் வெட்டி எடுத்து ஒரு பழைய நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, சாமியார் பிரசங்கத்தில் மூட்டிய நரக நெருப்பின் சூடு ஆறுமுன் நோட்டைத் திறந்துவிடுவோம். அத்தான் சிரித்தால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் சேர்ந்து ஆடும். அக்கா அதைப் பிசாசு நோட்டு என்பாள். ஒருமுறை அதன்மேல் தீர்த்தம் தெளிக்கிறேன் என்று நாலு படங்களை ஊறவைத்துக் கெடுத்தாள். அதற்காக அவளை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

கெடாமல் தப்பியதில் ஒரு படம்: வெள்ளைக்காரி ஒருத்தி ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். பாத்தி சரியாக ஆறடி நீளம். ஓரத்தில் புருஷன் வாயில் வைத்துப் புகைக்கும் சுங்கான் கிடக்கிறது, இன்னும் புகைந்துகொண்டு. அவ்வளவுதான். வரைந்தவன் படு கெட்டிக்காரன். அவள் முகத்தில் கொலைகாரக் களையே வைக்கவில்லை. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. பசாரில் கத்தரிக்காய் பொறுக்குகிற முகம். கறுப்பு மையைப் பாத்தி மண்ணில் மட்டும் அப்பிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தான். நம் கண் முதலில் ரோஜாவுக்குப் போகும், பிறகு மண்ணுக்கு. கடைசியில்தான் சுங்கானைப் பார்ப்போம்.

“அந்தப் புகையை விரலால மறைச்சுப் பாரு மச்சான்” என்றார் அத்தான்.

மறைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண்பிள்ளை மட்டும்தான் மிஞ்சினாள்.

“பாத்தியா? பேனாவ எடுக்காம இழுத்த ஒரே கோடுலா. கை ஆடியிருந்தா படம் போச்சு. நான் போனா என்னையும் இப்படி வரை. கை ஆடாம வரையணும், ஆமா.”

போய்விட்டார். மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல், ஐந்தே நாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை அடுப்பில் போடலாமா என்றுகூட இருந்தது.

அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஒரு படம்தான் வழி. சவப்பெட்டியை வாசலில் சாய்த்து நிறுத்தி, குடும்பம் சுற்றி நின்று, படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது அப்போது எங்களிடம் வழக்கம். சீனப் படக்காரர் வந்தார். மழை மூட்டத்தில் வெளிச்சம் போதாது, எட்டு எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது என்றார். எழவு வீட்டில் சொல்கிற பேச்சா அது? அக்கா விம்மினாள். சித்தப்பா மூக்கைச் சிந்தினார். நான் அக்காவைத் தாங்கிப் பிடித்தேன்.

படம் வந்தது. அசைந்துவிட்டதில் நாங்கள் அத்தனை பேரும் கலங்கிய புகையாக நின்றோம். அத்தான் மட்டும் மீசை மயிரை எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தார்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத எப்படிடா அனுப்புறது? நாமெல்லாம் செத்துட்டோம், இவரு மட்டும் நல்லா இருக்காருன்னுல்ல அவங்க அம்மா நெனைப்பாங்க.”

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு முதல் சிரிப்பு. எந்த வெள்ளைக்காரப் பேனாவுக்கும் எட்டாத வேடிக்கையை, தீர்த்தம் தெளித்தவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு இருவரும் அழுதோம்.

“நீ வரைஞ்சு குடு தம்பி. அத அனுப்புவோம்” என்றாள்.

அத்தான் நோட்டை விரித்துச் சிரிக்கிற மாதிரி வரைய உட்கார்ந்தேன். கறுப்பு எங்கே, வெறுமை எங்கே என்பதெல்லாம் சரியாகவே வந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே இழுப்பில் வரவேண்டிய கோடுதான் வரவில்லை. நாலு தாள் வீண். ஐந்தாவதிலும் கை ஆடி, கன்னமும் தோளும் நடுங்கிக் கிடந்தன. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடச் செய்ய எனக்குத் துப்பில்லை. கிழிக்கப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

“இதுவே இருக்கட்டும். அந்த மனுசன் ஆடாம நின்னது அன்னிக்கு ஒரு நாள்தான்.”

உறையில் அதைத்தான் வைத்தாள்.